ஒரு கிரைண்டருக்குச் சாட்சி சொல்லப் போகிறேன்

1

இந்தக் குறிப்பை வாசிக்கத் தொடங்கிவிட்ட நீங்கள் இனி வெறும் வாசகர் இல்லை. சாட்சி. மேடை ஏறியதும் அவையை வணங்கி, நடுவரை வணங்கி, எதிரணியையும் வணங்கிவிட்டு வாய் திறப்பது என் வழக்கம். கல்லூரி நாள்களில் கோப்பைகளை வாங்கிக் குவித்த நாக்கு இது; அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இன்று வணக்கத்தோடு தொடங்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொல்லி முடித்த பிறகு எவரேனும் உங்களிடம் வந்து விசாரித்தால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தின் கொடுமையை நான் நேரில் கண்டவன்.

நான் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. மழையோடு எழுந்து, டிராமில் நின்றுகொண்டே போய், மழையோடு திரும்புகிற வாழ்க்கை. சொந்த ஊர் மதுரை, ஆனையூர். போன வாரம் உணவு இடைவேளையில் மதுரையிலிருந்து வக்கீல் கதீஜா அழைத்தார். முத்துச்செல்வியின் வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது, சாட்சி சொல்ல என் பெயரைக் கொடுத்திருக்கிறோம் என்றார்.

வழக்கு இதுதான். திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், முத்துச்செல்வி என்ற பெண் தன் கணவர் முருகேசனின் வீட்டிலிருந்து கிரைண்டரைத் திருடிவிட்டாராம். புகார் கொடுத்தவர் முருகேசன். அந்தக் கிரைண்டரில் மாவரைத்து விற்றுத்தான் முத்துச்செல்வி தன் மகளைப் படிக்கவைக்கிறார். வழக்கு முடியும்வரை அது அவரிடம் இருக்கலாம் என்று நீதிமன்றம் விட்டுவைத்திருக்கிறது. வழக்கில் தோற்றால் கிரைண்டர் முருகேசன் வீட்டுக்குப் போகும். 'திருடி' என்ற பட்டம் முத்துச்செல்வியோடு நிற்கும்.

அவர் திருடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

"வீடியோவில் சாட்சி சொல்ல மனுப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு எதுக்கு அம்புட்டு அலைச்சல்?" என்றார் கதீஜா.

வேண்டாம் என்றேன்.

2

எங்கள் அலுவலகத்தில் விடுப்புக் கேட்பதற்குக் கணினியில் ஒரு பக்கம் உண்டு. காரணம் எழுத முடியாது. அவர்கள் தொகுத்து வைத்த காரணங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். திருமணம், மகப்பேறு, நோய், சாவு, குடும்பச் சடங்கு. வாழ்க்கையில் ஒரு மனிதன் ஊருக்குப் போக வேறு காரணமே இருக்க முடியாது என்று யாரோ ஒருவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். நான் எதையும் தேர்ந்தெடுக்காமல் நேரே மேலாளர் ஃபியோனாவின் மேசைக்குப் போனேன்.

"ஒரு பெண் கிரைண்டரைத் திருடியதாக ஒரு வழக்கு. அதில் சாட்சி சொல்ல வேண்டும்" என்றேன்.

அவர் தன் காபிக் கோப்பையைப் பார்த்தார். இந்த ஊரில் கிரைண்டர் என்றால் காபிக்கொட்டை அரைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதற்காகவா இத்தனை ஆயிரம் மைல் என்பது அவர் புருவத்தில் எழுதியிருந்தது. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். இரும்புத் தாங்கி, எவர்சில்வர் பாத்திரம், உள்ளே ஆளை அமுக்குகிற கருங்கல். கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் நிற்கிற, சாய்த்து மாவு வழிக்கிற பெரிய கிரைண்டர். ஃபியோனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதையா ஒரு பெண் திருடினாள்? எப்படித் தூக்கினாள்?"

"அதைச் சொல்லத்தான் போகிறேன்."

விடுப்புக் கிடைத்தது. கணினிப் பக்கத்தில் 'குடும்பச் சடங்கு' என்ற கட்டத்தை அவரே அழுத்தினார். மறுக்கவில்லை. ஒரு வகையில் அது சரிதான்.

வீட்டில்தான் சண்டை. என்னோடு தங்கியிருக்கும் கார்த்தி உசிலம்பட்டிக்காரன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். விசாரணை நடக்கும் அதே வாரத்தில்தான் சங்கத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றம். ஓர் அணிக்கு நான் தலைவன். தலைப்பு, இல்லறம் இனிப்பது யார் விட்டுக்கொடுப்பதால் என்பது.

"மாப்ள, நெசமா ஒரு கிரைண்டருக்காடா போற? ஒங்க அக்கா புது வீடு பால் காய்ச்சுனப்ப லீவு இல்லன்னியேடா!"

"ஆமா."

"வீடியோல சொல்லிட்டு, சாயங்காலம் மேடையேறிர வேண்டியதுதான?"

"அந்தத் தெருக்காரன் ஒருத்தனும் கோர்ட்டுப் படியேற மாட்டேங்குறான்டா. நேர்ல ஒருத்தன் கடல் தாண்டி வந்து நிக்கிறத அவங்க பாக்கணும். அதுக்குத்தான் போறேன்."

கார்த்தி தோசைக்கரண்டியை என் பக்கம் நீட்டினான். "நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு உனக்குப் பொண்ணு பாக்கையில, 'குடும்பத்தப் பிரிக்கிற கூட்டத்தோட சுத்துறவன்'னு சொல்லுவாய்ங்க."

"அப்படிச் சொல்ற வீட்ல எனக்குப் பொண்ணு வேணாம். தோசையத் திருப்பு, கருகுது."

சனிக்கிழமைகளில் இங்குள்ள குழந்தைகளுக்கு நான் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்கள். என் வகுப்புக்கு வரும்போது மட்டும் தமிழைக் கோட்டுப் போல மாட்டிக்கொண்டு வருவார்கள். அடுத்த இரண்டு வாரம் வகுப்பு இல்லை என்றதும் காரணம் கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த அனன்யா, தான் நினைத்ததைத் தமிழாக்க நேரம் எடுத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"நீங்க அந்தத் தெரு இல்லையே அண்ணா. அந்தத் தெருல இருக்கவங்க யாருமே பாக்கலையா?"

எல்லாரும் பார்த்தார்கள் அம்மா. தெருவே பார்த்தது.

3

ஆனையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அதன் பெயரே 'பக்கத்து வீடு'. அடிபட்டு வெளியேறிய பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்குகிற இடம். மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, வழக்கு நடத்துவது, பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது என்று எல்லாம் அங்கிருந்து நடக்கும். பெயர்க் காரணத்தை அதன் தலைவி மெர்சி டீச்சர் ஒருமுறை சொன்னார்: "அடி விழுகுற சத்தம் மொதல்ல யாருக்குக் கேக்கும்? பக்கத்து வீட்டுக்கு. ஒடனே ஜன்னலச் சாத்துறது யாரு? அதுவும் பக்கத்து வீடுதேன். சாத்தாத பக்கத்து வீடு ஊருக்கு ஒண்ணாச்சும் வேணாமா?"

மெர்சி டீச்சர் மிஷன் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவையும் விசிலும் ஒரே கயிற்றில் தொங்கும். இரண்டாவது ஆள் பாண்டியம்மாள். அவருடைய பெற்றோர் அழகர்கோவில் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் இன்று சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறார். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், சின்ன லோடு வண்டி. முன்கண்ணாடியில் கள்ளழகர் குதிரையில் வருகிறார். மூன்றாவது ஆள் வக்கீல் கதீஜா. இந்த மூவரையும் பற்றி ஊரில் நல்ல வார்த்தை சொல்கிறவர்கள் குறைவு. 'பிரிச்சு விடுற ஆபீஸ்' என்பது அந்த வீட்டுக்கு எங்கள் பகுதி வைத்த பெயர்.

டீச்சரிடம் ஒருவர் அதை முகத்துக்கு நேராகவே சொன்னார். டீச்சர் கோபப்படவில்லை.

"ஆமாய்யா, பிரிச்சுத்தேன் விடுறோம். ஸ்கூல்ல ஒருத்தன் இன்னொருத்தன அடிச்சா ஓடிப்போயிப் பிரிச்சு விட்டேன். அதுக்கு எனக்குச் சம்பளமே குடுத்தாக. இங்க சம்பளமில்லாமப் பாக்குறேன், அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

சென்ற முறை விடுப்பில் வந்திருந்தபோது, ஒரு காலை பாண்டியம்மாளின் குட்டியானை எங்கள் வாசலை மறித்து நின்றது. வெளியே வந்து, என் இயல்புப்படி, பொது வழியின் உரிமை குறித்துச் சிறு சொற்பொழிவு ஒன்று ஆற்றினேன். பாண்டியம்மாள் முழுவதும் கேட்டார். பிறகு வண்டிக்குள் இருந்த டீச்சரைப் பார்த்துக் கத்தினார்:

"டீச்சர், ஆளு கெடச்சுட்டாரு!"

"என்ன ஆள்?" என்றேன்.

"பாக்குற ஆளு. வண்டில ஏறுங்க தம்பி. கை வேணாம், கண்ணுதேன் வேணும்."

அவர்களுடைய வேலைமுறையை அப்போதுதான் அறிந்தேன். அடிபட்டு வெளியேறிய பெண்ணின் சீர்ப் பொருள்கள் கணவன் வீட்டிலேயே தங்கிவிடும். அவற்றை எடுக்கப் போகும்போது ஒளிந்து போக மாட்டார்கள். வெயில் ஏறிய பிறகு, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரம் பார்த்து, விசில் ஊதிக்கொண்டுதான் போவார்கள். கல்யாணத்தன்று சீர் வந்து இறங்கும்போது எதை யார் கொடுத்தது என்று மைக்கில் சொல்வார்கள் அல்லவா? அதேபோல அந்தப் பெண் ஒவ்வொரு பொருளாகத் தொட்டு, கொடுத்தவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் 'பக்கத்து வீட்டு'ப் பெண்கள் தூக்குவார்கள். அவளைத் தவிர வேறு யாரும் அங்கே பேசக்கூடாது. இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒருவரை ஒவ்வொரு முறையும் கூட்டிப் போவார்கள். அவர் எதையும் தொடக்கூடாது. நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மேடையில பேசுறவனாமே நீ?" என்றார் டீச்சர், வண்டி நகர்ந்ததும். "அதான் ஒனக்கு மட்டும் ரெண்டாந்தடவ சொல்றேன். வாயத் தொறக்கப்படாது."

4

வண்டியின் பின்பக்கத்தில் நான்கைந்து பெண்களோடு முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள். வழியெல்லாம் அவர் பேசியது ஒன்றைப் பற்றித்தான். அண்டா, குடம், கட்டில், பீரோ எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கிரைண்டர் வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே மாவு வியாபாரம் செய்தவர். அந்தக் கைப்பழக்கத்தை அறிந்துதான் அவருடைய அப்பா வேறு எதையும்விடப் பெரிதாக ஒரு கிரைண்டரைச் சீராகக் கொடுத்திருக்கிறார். அந்த அப்பா இன்று உயிரோடு இல்லை.

முருகேசன் குடிகாரர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குடித்தால்தான் அடிப்பான் என்று நாம் எல்லாரும் நம்பி வசதியாக உட்கார்ந்திருக்கிறோம். அவர் மென்மையாகப் பேசுகிறவர். ஊரில் 'தங்கமான பையன்'. அன்றும் அவரேதான் கதவைத் திறந்தார். "வாங்க, அவ பொருள அவ எடுத்துக்கிறட்டும். நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?" என்றார். தெருக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், பெட்டிக்கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள், எதிர்வீட்டு மாடியில் வற்றல் காயவைத்தவர் என எல்லாரும் பார்த்தார்கள்.

முத்துச்செல்வி தொட்டார். "இது எங்க அத்தை குடுத்த குடம்." விசில். இருவர் தூக்கினார்கள். "இது மூத்த மாமன் குடுத்த அண்டா." விசில். "இந்தக் கட்டிலு எங்க சித்தப்பா குடுத்தது." அவர் குரல் முதலில் மெலிந்திருந்தது, பொருள் ஏற ஏறக் குரலும் ஏறியது. பாண்டியம்மாள் தூக்குகிறவர்களை மெதுவாகச் சீண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் விசிலைக் கடித்தபடி முறைத்ததும் நிறுத்தினார்.

கடைசியாகக் கிரைண்டர். முத்துச்செல்வி அதைத் தொட்டபோது, முருகேசனின் தாய்மாமன் பெரியகருப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குறுக்கே நின்றார்.

"நில்லும்மா. அதுல வெட்டியிருக்க பேரப் படி. தெருவுக்குக் கேக்குற மாதிரிப் படி."

பாத்திரத்தின் விளிம்பில், பூக்கொடி வளைவுக்குள், அழகான எழுத்தில் வெட்டியிருந்தது: பா. முருகேசன்.

இது எங்கள் பக்கத்துப் பெருமையால் வந்த பிழை. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும்போது, மகள் பெயரைவிட மாப்பிள்ளையின் பெயரை வெட்டினால் சம்பந்தி வீட்டில் கௌரவமாக இருக்கும் என்று முத்துச்செல்வியின் அப்பா நினைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் அல்ல, மற்றவர்கள் கொடுத்ததில் அவரவர் பெயரை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவர் தன் கையால் வாங்கித் தந்த, ஆகப் பெரிய ஒன்றில் மட்டும் மாப்பிள்ளையை உயர்த்திவைத்தார்.

"படிச்சியாம்மா? யாரு பேரு?"

"இவுக பேருதேன்."

"அப்ப யாரு பொருளு?"

என் தலைக்குள் ஒரு முழு உரை தயாராகி நின்றது. சீர் பெண்ணின் சொத்து என்பதைச் சட்டத்திலிருந்து தொடங்கி, பெயருக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாட்டில் விரித்து, கைதட்டல் விழும் இடத்தில் நிறுத்தும் உரை. வாய் திறந்திருந்தால் நான் வென்றிருப்பேன். முத்துச்செல்வியின் வாய் அங்கேயே மூடியிருக்கும். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவர் முத்துச்செல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மண்டையில் இறங்கியது. குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

முத்துச்செல்வி கிரைண்டரின் மேலிருந்த கையை எடுக்காமலே நிமிர்ந்தார்.

"பேரு இவுக பேருதேன் மாமா. எங்கப்பா ஆசையா வெட்டுனாரு. என் முதுகுலயுந்தேன் இவுக கைத்தடம் பதிஞ்சு கெடக்கு. அதுக்காக எம் முதுகும் இவுக பொருளாயிருமா?"

மாடியிலிருந்து "அடியாத்தி" என்று ஒரு குரல் வந்தது. பெரியகருப்பன் குறுக்கிலிருந்து விலகினார். முருகேசனின் முகத்தில் இருந்த மென்மை அன்றுதான் முதன்முறையாகத் தெருவில் கழன்றது.

"தூக்கிட்டுப் போய்த் தொலைங்க. என் வாசல்ல நிக்காதீங்க, போங்க!"

இந்தச் சொற்களை நான் கேட்டேன். கேட்க முடியாத தூரத்தில் அங்கே யாரும் இல்லை.

டீச்சர் நீளமாக ஊதினார். கல்லைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் கழற்றி, தாங்கிக்குக் கயிறு கட்டி, கம்பு கொடுத்து, ஒரு விசிலுக்குத் தூக்கி, இரு விசிலுக்கு இறக்கி, பெண்களே அதை வண்டியில் ஏற்றினார்கள். ஃபியோனாவுக்கு நான் சொல்லாத பதில் இதுதான்.

"ஏத்தா, கல்லு கனக்குதா?" என்றார் பாண்டியம்மாள், முத்துச்செல்வியைப் பார்த்து.

"இல்லக்கா. இம்புட்டு நாளு இத விடக் கனமால்ல தூக்குனேன்" என்றார் முத்துச்செல்வி. வண்டி முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

5

ஓரிரு நாளில் திருட்டுப் புகார் வந்தது. அத்துமீறி வீடு புகுந்து, மிரட்டி, தன் பெயர் வெட்டிய கிரைண்டரைத் தூக்கிச் சென்றதாக முருகேசன் எழுதிக் கொடுத்திருந்தார். முத்துச்செல்வி, மெர்சி டீச்சர், பாண்டியம்மாள், தூக்கிய பெண்கள் என எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. எதையும் தொடாத என் பெயர் மட்டும் இல்லை. எதற்காக ஒரு கண்ணை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

விசாரணைக்குத் தெருக்காரர்களையும் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முருகேசன் தானே கதவைத் திறந்தாரா, எடுத்துப் போகச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. நான் வாசல் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் கொல்லப்பக்கம் சாணி அள்ளிக்கிட்டு இருந்தேங்கய்யா." குழாயடியில் நின்றவர்.

"எனக்குக் காது செத்த மந்தம்." கடைத் திண்டில் இருந்தவர். இதைச் சொல்லும்போது, கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார்.

"புருசன் பொண்டாட்டி வெவகாரம். நாங்க என்னத்தப் பாத்தோம்?" மாடியில் வற்றல் காயவைத்தவர். "அடியாத்தி" என்ற அதே குரல். முத்துச்செல்வியைக் கடந்து போகும்போது அவர் கண் நிமிரவில்லை.

அவர்களைக் கோழைகள் என்று இங்கிருந்துகொண்டு எழுதிவிட எனக்குச் சுலபம். நாளை அதே குழாயில் அவர்கள் தண்ணீர் பிடிக்க வேண்டும். பெரியகருப்பனின் தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டும். அந்த அச்சத்தை நான் அறிவேன். அறிந்தபின்பும் சொல்கிறேன்: ஒரு பெண்ணை அடிக்கிற கை ஒன்றுதான், அந்தக் கை ஓங்குவதற்கு இடம் விட்டு விலகி நிற்பது ஒரு தெரு முழுவதும்.

என்னை அழைத்தார்கள். கண்டதைச் சொன்னேன், கேட்டதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்திட்டேன். மேடைச் சொல் ஒன்றும் அதில் இல்லை.

வெளியே வந்தால், வாசல் மரத்தடியில் எல்லாரும் நின்றார்கள். தெருக்காரர்கள் ஒரு பக்கம். 'பக்கத்து வீட்டு'ப் பெண்கள் ஒரு பக்கம். முத்துச்செல்வி டீச்சருக்கு அருகில், முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி. பெரியகருப்பன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார். கோபமே இல்லை, மகனிடம் பேசுகிற குரல்.

"தம்பி, நீங்க ஃபாரின்காரரு. படிச்ச பிள்ள. உள்ள என்னத்தையோ சொல்லிட்டு வந்துட்டீக, சரி. அதெல்லாம் வெறுங்காகிதம்தேன். கேசு கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க ஃபிளைட்டு ஏறிருவீக, அங்கிட்டுக் கல்யாணம் காச்சி ஆயிரும், இந்தக் கிராமத்துப் பேரே மறந்து போகும். கூப்புடுற அன்னைக்கு வரவா போறீக?" அவர் தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, "எத்தனை ஃபாரின்காரவுகளப் பாத்திருக்கோம்?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. அவர் என் முகத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டுகோள் இல்லை. இவனும் அப்படித்தானோ என்று அளந்து பார்க்கிற பார்வை.

டீச்சரின் தடை அங்கே செல்லாது. பேச வேண்டியவர் பேசி முடித்துவிட்டார். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் மூச்சை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து எடுத்தேன். காவல் நிலையத்தின் உள்ளே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயா, கிரைண்டர்ல உங்க மருமகன் பேரு வெட்டியிருக்கு. நான் இப்பச் சொல்ற வாக்குல எம் பேரு வெட்டியிருக்கு. கோர்ட்டு என்னைக்குக் கூப்புட்டாலும் சரி, நான் எந்தக் கரையில இருந்தாலும் சரி, உங்க தெருவுல ஒருத்தர்கூட வராட்டியும் சரி, நான் வாரேன். பாத்தத, பாத்தபடியே, இந்தக்கா பக்கத்துல நின்னு சொல்லுறதுக்கு வாரேன்."